கறுப்பு முடிக்கு எதுக்கு நீலக் கீற்று?

(இரண்டாமாண்டு, மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, காமிக்ஸ் பற்றி எழுதுகிறேன் என்றேன். பேரவை நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும். ஆனால் முழுசா படித்துவிட்டுச் சிரியுங்கள். இதில் அச்சுத்தொழில் இருக்கிறது, ஒளியியல் இருக்கிறது, நம்ம லேப் பாடமும் இருக்கிறது.

சண்டை ஆரம்பித்தது டீக்கடையில். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு சூப்பர்மேன் புத்தகம் என் கையில் இருந்தது. எட்டிப் பார்த்த நண்பன், "சூப்பர்மேனுக்கு முடி நீலம்டா" என்றான். "கறுப்புடா மாப்ள" என்றேன். "கண்ணு தெரியலையா? நீலமா அடிச்சிருக்கான் பாரு!" இரண்டு டீ, இரண்டு வடை பந்தயம். அந்தப் பந்தயத்துக்காகத் தேடித் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

அச்சகத்தில் நடப்பது என்ன?

கலர் அச்சுக்கு மை நாலுதான்: சியான் என்ற நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. சூப்பர்மேன் 1938-இல் வந்தார். அந்தக் காலத்து அமெரிக்க காமிக்ஸில் கறுப்பு மை, ஓவியர் போட்ட கோடுகளுக்கும் கறுப்புத் திட்டுகளுக்கும் மட்டும்தான். மற்ற மூன்று மைகளையும் கால், அரை, முழு என்று மூன்று அளவுகளில் அடிப்பார்கள். மை இல்லாததையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் நாலு நிலை. 4 × 4 × 4 = 64 நிறங்கள். அவ்வளவுதான் கையிருப்பு!

இப்போது கறுப்பு முடிக்குப் பளபளப்பு வேண்டும். முழுக்கக் கறுப்பு அடித்தால் தலையில் தார் ஊற்றியது போல ஆகிவிடும். சாம்பல் நிறம் போடலாம் என்றால், மூன்று மையையும் கலக்க வேண்டும். மட்டமான தாளில் அது அழுக்காக விழும். மஞ்சள் போட்டால் செம்பட்டை. மெஜந்தா போட்டால் மருதாணி. மிச்சம் இருப்பது நீலம். அது கறுப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, ஒட்டிப் போகும். அதனால் முடியில் கொஞ்சம் இடத்தைக் கறுப்பு இல்லாமல் விட்டு, அங்கே நீலத்தை நிரப்பினார்கள். ஆக, நீலம் என்பது முடியின் நிறம் இல்லை; முடிமேல் விழுந்த வெளிச்சம்.

கண் எப்படிப் படிக்கிறது?

சரி, இதையெல்லாம் வாசகனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கண்ணே கற்றுக்கொள்கிறது.

சிவகாசியிலிருந்து வந்த நம்ம காமிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984-இல் வந்தது. இவற்றில் பல கதைகள் கறுப்பு வெள்ளை. மாயாவியின் இரும்புக்கையில் ஒரு வெள்ளைக் கீற்று இருந்தால் 'பளபளக்கும் எஃகு' என்று படிக்கிறோம். அதே வெள்ளைக் கீற்று பூட்ஸில் இருந்தால் 'பாலிஷ் போட்ட தோல்' என்கிறோம். டெக்ஸ் வில்லரின் தலைமுடியில் இருந்தால்? 'நரைச்சுப் போச்சு' என்று யாராவது சொல்கிறோமா? இல்லை! எண்ணெய் தடவிய கறுப்பு முடி என்கிறோம். ஆனால் அவருடைய கூட்டாளி கார்சனைப் பார்த்ததும் 'நரைமுடிக்காரர்' என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு தலைக்கும் அதே கறுப்பு மை, அதே வெள்ளைத் தாள்தான்.

எப்படி? எனக்குத் தெரிந்தவரை மூன்று விதிகள்:

1. வடிவம். கீற்று முடியோடு சேர்ந்து வளைந்து, கறுப்புக்கு நடுவில் அடங்கி இருந்தால் அது வெளிச்சம்.

2. அளவு. கறுப்பு அதிகம், கீற்று கொஞ்சம் என்றால் பொருள் கறுப்பு. கணக்கு தலைகீழானால் பொருளும் தலைகீழாகும்.

3. சூழ்நிலை. பக்கத்தில் இருப்பது என்ன, கதை என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கண் படிக்கிறது.

நீலம் ஜெயித்த கதைகள்

இரண்டாவது விதிக்கு நல்ல உதாரணம் சிலந்தி மனிதன் (நம்ம லயன் காமிக்ஸ் ஸ்பைடர் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்). 1962-இல் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்தபோது அந்த உடையில் சிவப்போடு நிறைய கறுப்பும், ஓரங்களில் நீலக் கீற்றும் இருந்தன. போகப் போகக் கறுப்பு சுருங்கியது, நீலம் பரவியது. இன்றைக்குச் சின்னப் பையனைக் கேட்டாலும் "சிவப்பும் நீலமும்" என்பான். எக்ஸ்-மென் கதைகளில் வரும் பீஸ்ட்டுக்கு 1972-இல் உடம்பெல்லாம் ரோமம் முளைத்தது. முதலில் சாம்பல், பிறகு நீலக் கீற்றோடு கறுப்பு. கடைசியில் அவர் நீல ரோமக்காரராகவே ஆகிவிட்டார்! அடையாளத்துக்கு வந்த கீற்று, ஆளையே மாற்றிவிட்டது.

நம்ம வீட்டு நாள்காட்டி

மூன்றாவது விதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்க ஆயா. அவங்களுக்கு எழுத்து தெரியாது. எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வீட்டுச் சுவரில் சிவகாசியில் அச்சடித்த ஒரு கண்ணன் நாள்காட்டி. கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976) போன்ற ஓவியர்கள் பரப்பிய பாணி. கண்ணன் நல்ல நீலம். நான் ஆயாவிடம் கேட்டேன்: "ஆயா, இந்தச் சாமி என்ன கலரு?" ஆயா யோசிக்கவே இல்லை. "கறுத்த புள்ளடா. பாரு, என்னா அழகு!"

கிருஷ்ணன் என்ற வடசொல்லுக்கே கறுப்பு என்றுதான் பொருள். கார்வண்ணன் என்கிறது தமிழ். ஓவியர் நீலத்தில் எழுதியதை ஆயா கறுப்பு என்று சரியாகப் படித்துவிட்டார். எழுத்து தெரியாதவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு போயிற்று.

எனக்கு விழுந்த அடி

இவ்வளவு பேசுகிற நான், முதலாண்டு லேபில் கோட்டை விட்டவன். 12 வோல்ட் சப்ளையில் ஒரு எல்.இ.டி. எரிய வேண்டும். தொடரில் 1,000 ஓம் ரெசிஸ்டர்: பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். மூன்றாவது வளையத்தில் பளபளப்பு விழுந்து சிவப்பாகத் தெரிந்தது. சுவிட்ச் போட்டேன். 'பட்'!

அந்த வளையம் பழுப்பு. அது 100 ஓம். 10 மில்லி ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர். கீற்றை நிறம் என்று படித்துவிட்டேன். டீக்கடை நண்பன் செய்த அதே தப்பு! எல்லோரும் சிரித்தபோது, 'நமக்கெல்லாம் இந்தப் படிப்பு ஏறாதோ' என்றுகூடத் தோன்றியது.

வீட்டில் சொன்னேன். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. "நம்ம கரி என்ன கலரு?" என்று கேட்டார். "பழுப்பு நிலக்கரி, பழுப்புதான்" என்றேன். "புதுசா வெட்டுன எடத்துல வந்து பாரு. ஈரத்துல கன்னங்கரேல்னு மின்னும். காஞ்சா பழுப்பாயி உதிரும். கலரப் பாத்து மட்டும் சொல்லாத, கையில எடுத்துப் பாத்துச் சொல்லு" என்றார். நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம் என்று நான் புத்தகத்தில் படித்ததை, அவர் கையாலேயே படித்து வைத்திருக்கிறார்.

கையில் எடுத்துப் பார்ப்பது என்றால் நமக்கு மல்டிமீட்டர். அன்றிலிருந்து அளக்காமல் ஒரு ரெசிஸ்டரையும் நான் மாட்டியதில்லை. ஜூனியர் தம்பிகளே, தங்கைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள்: வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள், பிறகு மீட்டரை வையுங்கள்.

பந்தயம் என்ன ஆச்சு என்கிறீர்களா? சூப்பர்மேன் முடி கறுப்பு என்று நிரூபித்தேன். நண்பன் டீ வாங்கிக் கொடுத்தான். சிலந்தி மனிதன் உடை இன்றைக்கு நீலம்தான் என்று அவன் நிரூபித்தான். வடை நான் வாங்கிக் கொடுத்தேன். கணக்கு சரியாப் போச்சு!