விழித்திருக்கும் ஊழியன்



நம் ஆண்டவராகிய சேசுநாதர் உலகத்தைத் தீர்வையிட மீண்டும் வருவார் என்பது நம் விசுவாசச் சத்தியங்களில் ஒன்று. வாயினால் அறிக்கையிடும் இச்சத்தியத்தை நடக்கையில் எங்ஙனம் அனுசரிப்பது என்பதே இவ்வாரப் பாடம்.

காத்திருத்தல் என்பது யாது?

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 24-ம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு காரியஸ்தனைக் காட்டுகிறார். எஜமான் அவனிடம் வீட்டை ஒப்படைத்துப் போகிறான். அவனுக்கு இட்ட வேலை, வாசலில் நின்று வழி பார்ப்பதன்று. உடன் ஊழியருக்கு வேளை தவறாமல் படியளப்பதே. அந்த வேலையில் இருக்கும்போது எஜமான் வந்து கண்டால் அவன் பாக்கியவான்.

நம் தேனிச் சீமையிலிருந்து எத்தனையோ பேர் விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். தாய் திரும்பும் வரையில் மூத்த மகள் திண்ணையிலேயா உட்கார்ந்திருக்கிறாள்? தண்ணீர் எடுத்து வைத்து, உலை ஏற்றி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள் அன்றோ? அதுவே காத்திருத்தல்.

இரண்டு தவறுகள்

முதல் தவறு, வேலையை விட்டுக் காத்திருப்பது. ஆண்டவருடைய நாள் கிட்டிவிட்டது என்று தெசலோனிக்கே பட்டணத்துக் கிறீஸ்தவர்கள் கலங்கியிருந்த வேளையில், அவர்களுள் சிலர் உழைக்காமல் பிறர் வீட்டில் உண்டு திரிந்தார்கள். கூடாரத் தொழில் செய்து பிழைத்த அர்ச். சின்னப்பர் அவர்களைக் கண்டித்து, உழைத்து உண்ணும்படி கட்டளையிட்டார். நாள் குறிப்பதும் இவ்வகைத் தவறே. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியவர்கள் 1844-ம் வருஷம் அக்டோபர் 22-ம் தேதி ஆண்டவர் வருவார் என்று நம்பிக் காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று ஆண்டவரே சொல்லியிருக்க, நாம் கணக்குப் பார்ப்பது எதற்கு?

இரண்டாம் தவறு, இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணுவது. உவமையில் வரும் கெட்ட ஊழியன், எஜமான் வரமாட்டார் என்று மறுக்கவில்லை; இப்போதைக்கு வரமாட்டார் என்றே எண்ணினான். அந்த எண்ணமே உடன் ஊழியரை அடிக்கவும் குடியரோடு குடிக்கவும் அவனுக்குத் துணிவு தந்தது. நம் மூல வைகை பல மாதம் வெறும் மணலாய்க் கிடக்கும். வருசநாட்டு மலையில் மழை பிடித்தாலோ, இங்கே தூறல் இல்லாதபோதும் வெள்ளம் வந்துவிடும். ஆற்று மணலில் வீடு கட்டலாமா?

ஓரியூர் தரும் சாட்சி

1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்த அர்ச். அருளானந்தர், அரண்மனையில் வளர்ந்தவர். 1673-ல் இந்தியா வந்து, பண்டார சுவாமி கோலம் பூண்டு, மதுரை மிஷனில் ஊர் ஊராய் நடந்து ஊழியம் செய்தார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டு வாதிக்கப்பட்டார். பின்பு ஐரோப்பா சென்றபோது, போர்த்துக்கல் அரசர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ சாவு காத்திருக்கும் இடமென்று அறிந்தும் 1690-ல் திரும்பி வந்தார். வந்தவர் ஒளிந்திருந்தாரா? ஞானஸ்நானம் கொடுத்தார், உபதேசித்தார், நோயாளிகளைத் தேடிப் போனார். 1693-ம் வருஷம் பெப்ருவரி 4-ம் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். சிறையிலிருந்து மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாகத் தெரிவித்தார். கடைசி நாள் வரையில் ஊழியத்தில் இருந்தவருக்குக் கடைசி நாள் பயமாகத் தோன்றவில்லை. 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1947-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

நம் வீட்டில் செய்யவேண்டியது

1. நோயாளிக்காகக் குருவானவரை நேரத்தோடு அழையுங்கள். சுவாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பியபின் ஆள் அனுப்புவது பெரும் அநியாயம். பாவசங்கீர்த்தனம் செய்ய நாவு எழும்பாத வேளையில் அழைத்து என்ன பயன்? நோயில் பூசுதல் சாகிறவருக்கு மாத்திரம் உரியதன்று. வியாதியால் ஆபத்துத் தொடங்கும்போதே அதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிட்டதென்று 2-ம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ல் போதித்தது. அது ஆத்துமத்துக்குத் தைரியம் தரும். தேவசித்தமானால் சரீர சுகமும் தரும்.

2. வரப்புக்கும் கிணற்றுப் பங்குக்கும் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள், தகப்பனார் பாடையைத் தூக்கும் நாளில்தான் ஒன்றுசேர வேண்டுமா? அவர் கண் திறந்திருக்கும்போதே சேருங்கள்.

3. கொடுக்கவேண்டிய கூலியையும் கடனையும் நாளைக்கென்று வைக்காதீர்கள்.

4. இரவு செபத்துக்குப்பின் ஒவ்வொருவரும் தம்மையே கேட்கக்கடவோம்: இன்றிரவு ஆண்டவர் வந்தால், எனக்கு ஒப்படைத்தவர்களுக்கு நான் படியளந்தேனா?

இந்நான்கில் உங்கள் வீட்டில் நிலுவையாய் நிற்பது எதுவோ, அதை வரும் ஞாயிற்றுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். வேலையிலிருக்கும் ஊழியராக ஆண்டவர் நம்மைக் காணும்படி, அர்ச். அருளானந்தர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.