நிலமும் பெயரும்

ஒரு குடி ஓரிடத்தில் வேரூன்றி வாழ்வதற்கு உழுதுண்ண நிலம் வேண்டும்; தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளப் பெயரும் வேண்டும். அமெரிக்க நாட்டில் அடிமைத்தளை நீங்கிய கருப்பின மக்கள் 1877-ஆம் ஆண்டில் கான்சாஸ் மாகாணத்திற் குடியேறி, நிக்கோடெமஸ் என்னும் ஊரை அமைத்தனர். அதற்கு நான்காண்டு முன்னரே பூனா நகரத்து ஜோதிராவ் புலே, தாம் இயற்றிய 'குலாம்கிரி' என்னும் நூலை, அவ்வடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அம்மக்களின் வரலாற்றோடு நம் நாட்டு வரலாறும் ஒப்புநோக்கத் தக்கதென்பதை அவர் அன்றே கண்டார். அவ்வழி நின்று நம் நாட்டு நிலத்தையும் பெயரையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பண்டைத் தகடூராகிய தருமபுரி அடங்கிய பாராமகால், திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் 1792-இல் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடு என்பாரும் அவர்க்குத் துணைவராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, வரி விதித்து, உழவரோடு நேரே உடன்பட்டனர். இரயத்துவாரி முறை முளைத்தது இம்மண்ணிலேயாம். ஆயினும், பட்டாவில் ஏறியது வரி செலுத்துவோன் பெயரே. அவன் வயலிற் சேறு மிதித்த பண்ணையாளின் பெயர் அன்று. ஏட்டில் இல்லாதவனுக்கு நிலத்தில் உரிமை ஏது?

இக்குறை செங்கற்பட்டில் மிகுதியாய்ப் புலப்பட்டது. ஆங்குத் தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து கொடுப்பினும் மிராசுதாரர்க்கே முதலுரிமை. அப்பகுதியில் ஊழியம் செய்த ஆதாம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி ஆகிய குருமார் இதனை எடுத்துரைத்தனர். மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை குறித்து அரசாங்கத்துக்கு விரிவான அறிக்கை விடுத்தார். அதன் பயனாக 1892-இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பெற்றவர் முதற் பத்தாண்டு அதனை விற்றலும் அடகு வைத்தலும் ஆகா. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்குக் கைமாற்றல் ஆகாது. வறியவன் நெருக்கடியில் நிலத்தை இழப்பான் என்பதை அறிந்து இட்ட வேலி இது.

இனிப் பெயரை நோக்குவோம். சேரி என்பது பழந்தமிழில் பலர் சேர்ந்து வாழுமிடம் என்னும் அளவே. உத்தரமேரூர்க் கல்வெட்டில் அந்தணர் ஊரின் பகுதிகளும் சேரிகளே. இராசராசன் தஞ்சைக் கல்வெட்டுக்களிற் கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் அருகருகே வருகின்றன. சொல் இழிந்ததன்று, பிற்காலத்தார் மனமே அதனை இழிவாக்கிற்று. நால்வருணத்துக்குப் புறம்பானவர் என்னும் பொருளில் வழங்கிய 'பஞ்சமர்' என்ற பெயரையும் அம்மக்கள் ஏற்கவில்லை. எம். சி. ராஜா முதலியோர் முயற்சியால் 1922-இல் 'ஆதி திராவிடர்' என்பது அரசாங்க ஏடுகளில் இடம்பெற்றது.

ஈண்டு வியத்தற்குரிய ஒன்றுண்டு. மக்கள் உதறிய பெயரை நிலம் இன்றும் தாங்கி நிற்கின்றது. 'பஞ்சமி நிலம்' என்ற அப்பெயரே கைமாறிய நிலத்தை மீட்பதற்குச் சான்றாகின்றது. பழைய ஏட்டில் அக்குறிப்பு அழிந்தால் உரிமையும் உடன் அழியும். 1994-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் செங்கற்பட்டை அடுத்த காரணையில் இந்நிலமீட்புப் போராட்டத்தின்போது காவலர் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 'காலனி' என்னும் சொல் இழிவின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களினின்றும் நீக்கப்படும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதே. ஆயின், சேரி போய்க் காலனி வந்தது. காலனி போய் மற்றொன்று வரும். மனம் மாறாவிடின் புதுப்பெயரும் நாளடைவிற் பழம்பெயரின் கறையை ஏற்கும். ஆதலின் இழிபெயரை நீக்குங்கால் நிலவுரிமையைக் காக்கும் பழங்குறிப்பை நீக்காதிருத்தல் வேண்டும். மாணவராகிய நாம் நம் ஊர்ப்பெயர்களின் பொருளை ஆராய்வதோடு அமையாது, அவ்வூரின் நிலம் யார் பெயரில் உள்ளதென்பதையும் உசாவுவோமாக. சொல்லாராய்ச்சி அப்பொழுதே நிறைவெய்தும்.