தடித்த கால் நகம்: நடவு முடியும்வரை காத்திருக்காதீர்கள்

வடகிழக்குப் பருவமழை பெய்து பிளவக்கல் அணைத் தண்ணீரும் வந்துவிட்டால் கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்புப் பக்கம் நடவு மும்முரமாகிவிடும். நாள் முழுக்கச் சேற்றில் ஊறும் கால்களில் முதலில் வருவது விரலிடுக்குச் சேற்றுப்புண். அதைக் கவனிக்காமல் விட்டால் பூஞ்சை நகத்துக்கும் ஏறும். நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிரும். இதற்காகக் கூச்சப்பட்டு விசேஷ வீட்டில் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. நகத்தின் தடிப்பை வீட்டிலேயே ஓரளவு குறைக்கலாம்.

ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர்களும் கால் மரத்துப்போனவர்களும் தாங்களே வெட்டவோ ராவவோ வேண்டாம். வெந்நீரில் ஊறவைப்பதும் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் காலைக் காட்டி யோசனை கேளுங்கள்.

மற்றவர்கள் வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் தனித் துண்டால் ஈரம் போகத் துடையுங்கள். இதை ஒருநாளும் விடாதீர்கள். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வைத்து, நகம் இளகியதும் நேராக வெட்டுங்கள். மூலையை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். பிறகு நக அரத்தால் மேற்பரப்பை இலேசாகத் தேயுங்கள். ஒரே நாளில் மெலிய வைக்கப் பார்க்காதீர்கள், பிளேடு பக்கமே போகாதீர்கள். 40 சதவீத யூரியா களிம்பை, சுற்றுத்தோலில் படாமல் நகத்தில் மட்டும் இரவில் தடவினால் தடிப்பு இளகும். நகவெட்டியும் அரமும் ஆளுக்கொன்று இருக்கட்டும். மருதாணி இப்போது வேண்டாம். நிறம் மாறி, மருத்துவருக்கு நோய் தெரியாமல் போகும்.

தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை. பழைய அடி, இறுக்கமான செருப்பு, சோரியாசிஸ், முதுமை எதுவும் காரணமாகலாம். அதனால் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம், அது பூஞ்சையை இன்னும் பரப்பும். ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் காட்டி, நகத்தைச் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பூஞ்சைதான் என்று உறுதியானால் டெர்பினாஃபின் மாத்திரையை வழக்கமாக 12 வாரம் தருவார்கள். ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அதைத் தர வேண்டும்.

பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும். முழுக்கப் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். நடுவில் சலித்து விட்டுவிடாதீர்கள். அடிபடாமலே நகத்தில் கறுப்புக் கோடு விழுந்தாலோ, சீழ் வைத்தாலோ மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.