நடுவில் வாய் வைத்த பர்ஸ்

அன்புள்ள கயல்,

நாடகக் குழுவுக்காக 1840-களின் இங்கிலாந்துப் பெண் ஒருத்தியின் அணிகலன்களையும் கைப்பொருள்களையும் உன் கையாலேயே செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். அவை அந்தக் காலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்கிறாய். ஆனால் படத்தைப் பார்த்து அதே மாதிரி செய்துவிட்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறாய். போதாது. உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது எந்த ஆண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பொருள். என்ன நூலில், என்ன கருவியால், எந்த வரிசையில் அதைச் செய்தார்கள் என்று தேடிப் போனால்தான் உருவமே சரியாக வரும். உன் பட்டியலில் தொப்பி, கையுறை, விசிறி, குடை எல்லாம் இருக்கின்றன. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வை. அந்த நூற்றாண்டில் ஆணும் பெண்ணும் கையில் வைத்திருந்த நீளப் பர்ஸ் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

அது பட்டு நூலில் பின்னிய மெல்லிய குழாய். பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் இருக்கும். இரண்டு முனையும் மூடியிருக்கும். நடுவில் நீளவாக்கில் விட்ட பிளவுதான் வாய். குழாயின் மேல் உலோக வளையங்கள் இரண்டு. பிளவு வழியாகக் காசைப் போட்டு, அது முனைக்கு இறங்கியதும் வளையத்தைத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். பல பர்ஸ்களில் ஒரு முனை வட்டமாகக் குவிந்து குஞ்சத்தில் முடியும். மறுமுனை சதுரமாக இருந்து மணிச்சரங்கள் தொங்கும். அழகுக்காகச் செய்த வேறுபாடு என்று நினைத்துவிடாதே. தங்கக் காசு ஒரு பக்கம், வெள்ளிக் காசு மறுபக்கம் என்று பிரித்து வைத்தால், இருட்டு வண்டிக்குள்ளும் விரல் தடவியே எது எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். படத்தை மட்டும் பார்த்துச் செய்கிறவர்கள் இரண்டு முனையையும் ஒரே மாதிரி செய்துவிடுவதுண்டு. தடித்த பருத்தி நூலில் பின்னினால் இன்னொரு சிக்கல் வரும். வளையம் நகராது. பெரிய வளையம் போட்டால் நகரும், ஆனால் காசைப் பிடித்து நிறுத்தாது. முறுக்கு இறுகிய மெல்லிய பட்டு நூலை அன்று பர்ஸுக்கென்றே விற்றதற்குக் காரணம் இதுதான்.

இனி, உன் கதை நடக்கும் ஆண்டு. 'பத்தொன்பதாம் நூற்றாண்டு' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. பத்து ஆண்டு தள்ளினால் கைவேலையே மாறிவிடும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-ல் வெளிவந்தது. பெண்கள் எல்லோருக்கும் கைவந்த வேலைகளைச் சொல்லும்போது வலைப்பின்னல் பர்ஸையும் அதில் ஒரு பாத்திரம் சேர்க்கிறது. 1847-48-ல் வந்த தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் பச்சைப் பட்டுப் பர்ஸுக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. இந்தியாவிலிருந்து வந்த அதிகாரியை வளைத்துப்போட நாவலின் நாயகி பெக்கி அதைக் கையில் எடுக்கிறாள். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவோ, 1820-களில் டச்சுப் பத்திரிகை ஒன்றில் அச்சேறியிருந்தாலும், ஆங்கிலக் கைவேலை நூல்களில் பரவியது 1840-ஐ ஒட்டித்தான். ஆகவே ஆஸ்டின் காலத்து நாயகியின் கையில் குரோஷா பர்ஸ் கொடுத்தால் தவறு. உன் நாயகிக்குக் கொடுத்தால் பொருந்தும். உனக்குத் துணையாக 1838-ன் 'தி வொர்க்வுமன்ஸ் கைட்', மிஸ் லாம்பர்ட் 1842-ல் எழுதிய கைவேலை நூல், 1843-ல் எழுதிய பின்னல் புத்தகம் ஆகியவை இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி நேராக வேலையில் இறங்கிவிட முடியாது. ஊசி அளவுகள் அன்று ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேறு. இந்தக் குழப்பத்தைப் போக்கத்தான் லாம்பர்ட் தாமே ஓர் அளவுகோலை வகுத்தார். அச்சுக் குறிப்பு இத்தனை கண்ணி போடு என்று சொல்லும். அது எத்தனை அகலம் வரும் என்பதை உன் நூலில், உன் ஊசியில், சிறு மாதிரி பின்னிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

சாட்சிகள் மூன்று வகை: மிஞ்சிய பொருள், அச்சுக் குறிப்பு, படம். மூன்றும் தனித்தனியே ஏமாற்றும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் இத்தகைய பர்ஸ்களைப் பாதுகாத்து வருகின்றன; தையலும் நைந்த இடமும் தெரியும் அளவுக்குப் படம் பிடித்தவையும் உண்டு. ஆனால் பத்திரமாக எடுத்து வைத்ததுதான் மிஞ்சும். நாள்தோறும் புழங்கியது கிழிந்து போயிருக்கும். எனவே மிகச் சிறந்த ஒன்றை எடுத்து அதுவே வழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. ஃபேஷன் பத்திரிகைப் படங்கள் மக்கள் உடுத்தியதைவிட உடுத்த ஆசைப்பட்டதையே காட்டுகின்றன. புகைப்படம் இன்னும் வஞ்சகமானது. அந்நாளைய ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கே அதிகம் இசைந்தது. நீலத் துணி வெளிறியும், சிவப்பும் மஞ்சளும் கறுத்தும் விழும். கறுப்பாகத் தெரியும் குஞ்சம் உண்மையில் செஞ்சிவப்பாக இருந்திருக்கலாம். நிறத்துக்கு வேறு சான்று தேவை. வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் 1856-ல் தற்செயலாகக் கண்டெடுத்த சாயத்திலிருந்துதான் நீ எழுதியனுப்பிய பளீர் ஊதா வந்தது.  உன் நாயகி வாழும் ஆண்டில் அது பிறக்கவில்லை. அவுரி, மஞ்சிட்டி வேர், கொச்சினீல் பூச்சி இவை தந்த சாயங்களுக்குள் தேடு. திரைப்படத்தை மட்டும் சாட்சியாக்கிவிடாதே. அதுவும் யாரோ சான்று பார்த்து, அல்லது பார்க்காமல், செய்ததுதான்.

செய்முறைக்கு வருகிறேன். வலைப்பின்னலுக்கு இரண்டே கருவி: நூல் சுற்றிய ஊசி, கண்ணளவைத் தீர்மானிக்கும் சிறு கட்டை. முடிச்சு, மீன் வலையில் விழும் அதே முடிச்சு. நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ கையால் வலை பின்னத் தெரிந்த ஒரு மூத்தவரிடம் உட்கார்ந்தால், எந்த ஆங்கில நூலைவிடவும் தெளிவாகக் கற்றுக்கொள்வாய். அவர் நைலான் கயிற்றில் போடுவதை நீ பட்டில் போடப் போகிறாய், அவ்வளவுதான். ஒவ்வொரு கண்ணும் தனி முடிச்சு என்பதால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பின்னல் பிரிந்து ஓடாது; காசு சுமக்கும் பைக்கு இந்தக் குணம் முக்கியம். மணி சேர்த்துப் பின்னும் வகைகள் இதைவிடக் கடினம். எல்லா மணிகளையும் பின்னத் தொடங்கும் முன்பே நூலில் கோத்துவிட வேண்டும். வண்ணக் கோலம் இருந்தால் கடைசியில் வர வேண்டியதை முதலில் கோக்க வேண்டும். நடுவே ஒரு மணி கூடிப்போனால் அதைக் குறடால் நொறுக்கி எடுக்கலாம். குறைந்துபோனால் நூலை அறுத்து ஒட்டுப் போடுவதைத் தவிர வழியில்லை. இன்று கடையில் கிடைக்கும் பாசிமணி, வெனிஸிலும் பொஹீமியாவிலும் செய்த அந்நாளைய நுண்மணிகளைவிடப் பருமனானது. பழைய கோலத்தை அப்படியே எண்ணிப் போட்டால் உன் பர்ஸ் ஒன்றரை மடங்கு வீங்கிவிடும். பொருத்தமான மணி கிடைக்காவிட்டால் மணியே இல்லாத பர்ஸைச் செய். அதுவும் அந்தக் காலத்தில் இருந்ததுதான்.

மேடையிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று உன் இயக்குநர் கேட்பார். முடிச்சு தெரியாது. ஆனால் கை தெரியும். ஜிப் வைத்த பையை மேலே துணி ஒட்டி மறைத்துக் கொடுத்தால், நடிகை இன்றைய பெண்ணைப் போலத்தான் அதைத் திறப்பாள். நீளப் பர்ஸை அப்படித் திறக்க முடியாது. வளையத்தை நகர்த்த வேண்டும், பிளவைத் தேட வேண்டும், முனையிலிருக்கும் காசை வெளியிலிருந்தே விரலால் மேலேற்ற வேண்டும். தயங்கிக் காசு கொடுப்பதா, சட்டென்று எடுத்து நீட்டுவதா என்பதெல்லாம் அந்தப் பொருளிலிருந்தே பிறக்கும். அரங்கம் முழுக்க அதைப் பார்க்கும்.

அந்தக் காலப் பெண்களும் சுருக்குவழி தேடினார்களே என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. வளையங்களையும் குஞ்சங்களையும் அவர்கள் கடையில்தான் வாங்கினார்கள்.  ஆகவே எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வாங்கியதை நீயும் வாங்கு, அவர்கள் பின்னியதைப் பின்னு.

சில பொருள்களில் உண்மைத்தன்மை கூடவே கூடாது. செயற்கைப் பூக்களுக்கு அன்று பூசிய பச்சைப் பொடியில் ஆர்செனிக் இருந்தது. லண்டனில் அந்த வேலை பார்த்த மட்டில்டா ஷூரர் என்ற இளம்பெண் 1861-ல் அந்த நஞ்சால் இறந்தாள். தொப்பிக்காகப் பறவைகளைக் கொன்று குவித்ததை எதிர்த்து இங்கிலாந்துப் பெண்களே 1889-ல் சங்கம் தொடங்கினார்கள். தந்தம், ஆமையோடு, திமிங்கில எலும்பு எதுவும் வேண்டாம். மாற்றுப் பொருள் போடு, போட்டதை மறைக்காதே. மறைத்தால்தான் அது பொய்ச்சான்றாகும்.

ஆங்கிலச் சீமாட்டியின் ஆடம்பரத்துக்கு நாம் ஏன் இத்தனை உழைக்க வேண்டும் என்பது உன் தோழியின் கேள்வி. அந்த ஆடம்பரத்தில் நம் கைகளும் இருந்தன என்பதுதான் பதில். பொன்வண்டின் பச்சை இறகோட்டை மஸ்லினில் வைத்துத் தைத்த வேலைப்பாடு சென்னையிலிருந்து ஆங்கிலேயர் உடைகளுக்குப் போனது. மெட்ராஸ் கைக்குட்டை கடல் கடந்து கரீபியப் பெண்களின் தலைக்கட்டாயிற்று. இங்கிருந்து போனவற்றைத் தைத்தவர், நெய்தவர் பெயர் எந்த ஃபேஷன் பத்திரிகையிலும் இல்லை. ஒரு பர்ஸைத் திறந்து அதன் முடிச்சை வாசிக்கப் பழகியவள், அந்தப் பெயரற்றவர்களின் தையலையும் வாசிக்கக் கற்றுக்கொள்வாள்.

முதல் பர்ஸை ஒரே நிறத்தில், மணியில்லாமல், வலைப்பின்னலில் செய். முடிந்ததும் ஒரு சீட்டு எழுதி உள்ளே வை: எந்த ஆண்டுக்கானது, எந்தப் புத்தகத்தைப் பார்த்தாய், எந்தப் பழம்பொருளோடு ஒப்பிட்டாய், எது அசல், எது மாற்று. பிறகு அதில் காசு போட்டு நான்கு நாள் கடைத்தெருவுக்கு எடுத்துப் போ. எங்கே நைகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா