அலுவலகத்தில் ஈகைப் போட்டி

இந்தியாவில் 2009-இல் தொடங்கி, இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை கொண்டாடப்படும் ‘தான் உத்சவ்’ எனும் ஈகை வாரம், அலுவலகங்களில் நட்புப் போட்டியையும் நிதி திரட்டலையும் இணைப்பதற்கு ஏற்ற காலமாகும். அணிகளைத் துறைவாரியாகப் பிரித்தால் ஏற்கெனவே இருக்கும் இடைவெளியே அதிகரிக்கும் என்பதால், கணக்குப் பிரிவினர், காவலர், ஓட்டுநர், மேலாளர் எனப் பலரும் ஒரே அணியில் அமையுமாறு சீட்டு எழுதிக் குலுக்கிப் பிரிப்பதே சிறந்தது.

வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பதே இம்முயற்சியின் உயிர்நாடி. திரண்ட தொகையை அளவுகோலாக்கினால் அதிகச் சம்பளம் பெறுவோரின் அணியே வெல்லும். அதற்கு மாறாகப் பங்கேற்பு விகிதத்தை, அதாவது அணியின் மொத்த உறுப்பினருள் எத்தனை பேர் ஏதேனும் ஒரு வகையில் பங்குகொண்டனர் என்பதை அளந்தால், பத்து ரூபாய் இட்டவரும், மதிய இடைவேளையில் கேரம் பலகைக்கு அருகில் சுண்டல் விற்று உண்டியலை நிரப்பியவரும் சம மதிப்புப் பெறுவர். யார் எவ்வளவு கொடுத்தார் என்னும் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, கொடுக்க இயலாதவரைக் கூனிக்குறுகச் செய்யும் கொடுமையாதலால், அதை எக்காரணத்தாலும் அனுமதித்தல் ஆகாது.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி தடைசெய்யப்பட்டிருப்பதால், பரிசுச்சீட்டு விற்று நிதி திரட்டுவதைத் தவிர்க்க வேண்டும். நிதியைப் பெறும் தொண்டு நிறுவனத்தை ஊழியர்களே தேர்ந்தெடுப்பது நலம். உண்டியலை இருவர் முன்னிலையில் எண்ணி, அன்றே கையெழுத்திட்டு, தொகையை வங்கி வழியாகச் செலுத்த வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அளிக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைப்பதில்லை. தொண்டு நிறுவனம் தரும் ரசீதின் நகலை எல்லா அணியினரும் காணுமாறு வைக்க வேண்டும்.