பழைய பேஸ் கிட்டாருக்குப் புதுத் தெம்பு

ரமணாசிரமம் பகுதியின் கோடை வறட்சியும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் பேஸ் கிட்டாரின் மரக்கழுத்தை மாறி மாறி வளைக்கும். ஆண்டுக்கு இருமுறை கவனிப்பது நல்லது.

● கழுத்து: நான்காம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தினால், நடுவில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை வலப்புறம் கால் சுற்றுக்குள் திருகி, மறுநாள் மீண்டும் அளக்க வேண்டும். திருகு இறுகி நின்றால் வலிந்து திருப்பக் கூடாது.

● தந்தி: வாசித்ததும் வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் துரு தள்ளிப்போகும்.

● கரகரப்பு: வால்யூம் குமிழுக்குள் கான்டாக்ட் கிளீனர் சிறிது தெளித்து, பலமுறை திருப்ப வேண்டும். தீராவிட்டால் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றலாம். ப்ரெசிஷன் வகை பேஸுக்குப் பொதுவாக 250 கிலோ ஓம் பொருந்தும்.

● இரைச்சல்: தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், உட்புறக் குழிகளில் செப்புத் தகடு ஒட்டி எர்த் கம்பியுடன் இணைக்கலாம்.

● மேம்பாடு: முதலில் தந்தி, பிறகு நட், பிரிட்ஜ், பிக்கப் கடைசியில்.

கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். பழைய கருவியின் மதிப்பு அவற்றிலும் இருக்கிறது.