எஸ்பார்ட்டோ என்னும் ஊசிப்புல்

கயிறு, கூடை, பாய் ஆகியவற்றைப் பின்னுவதற்கு உதவும் புல்லினங்களுள் எஸ்பார்ட்டோ ஒன்றாகும். ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்கிலும், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களிலும் இது தானே வளர்கின்றது. வட ஆப்பிரிக்காவில் இதனை ஆல்ஃபா என்பர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் ஸ்டிப்பா டெனாசிசிமா. இப்பொழுது மாக்ரோக்ளோவா டெனாசிசிமா என்றும் வழங்குவர். பெயரின் பிற்பகுதி ‘மிக உறுதியானது’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லாகும்.

அமைப்பு

இது பல்லாண்டு வாழும் புல். நெருங்கித் தூர் கட்டிப் புதராக நிற்கும். வயது முதிர்ந்த புதரின் நடுப்பகுதி பட்டுப்போக, ஓரம் மட்டும் தழைத்து வளையம் போல் காணப்படும். ஈரம் உள்ளபோது இலை விரிந்திருக்கும். வறட்சியில் இரு விளிம்புகளும் உட்சுருண்டு ஊசி போலாகும். மூச்சுத் துளைகளிற் பெரும்பாலானவை மேற்புறப் பள்ளங்களில் உள்ளமையால், சுருண்ட இலைக்குள் அவை மறைந்து, நீர் வீணாவது குறைகின்றது. விதையைப் போர்த்த உமியின் நுனியில் முழங்கால் போல் மடங்கிய நீண்ட வால் ஒன்று உண்டு.

அறுவடை

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இலையின் அடிப்பாகமே. தூரைத் தழுவி நிற்பது உறை. அதன்மேல் நீள்வது இலை. இலை முதிர்ந்தபின் இவ்விரண்டும் கூடும் மூட்டு தளர்ந்துவிடும். அப்பொழுது இலைகளைச் சிறு கோலிற் சுற்றி வெடுக்கென இழுத்தால் இலை மட்டும் கழன்று வரும். உறையும் குருத்தும் சேதமின்றி நிற்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் பிளினியும் இம்முறையைக் குறித்துள்ளார். முதிரா இலையை இழுத்தாலோ, மண் ஈரமாயிருக்கையில் இழுத்தாலோ, தூரும் வேரும் சேர்ந்து பெயர்ந்துவிடும். விதையிலிருந்து புதிய புதர் தோன்றுவது அரிதாகையால், அவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை.

பயனும் படிப்பினையும்

பறித்த இலையை வெயிலில் உலர்த்திப் பின்னுவர். அல்லது பல வாரங்கள் நீரில் ஊறவைத்து, கொட்டாப்புளியால் அடித்து நாராக்கிக் கயிறு திரிப்பர். ஸ்பெயினில் அல்புன்யோல் ஊரருகே ஒரு குகையிற் கிடைத்த எஸ்பார்ட்டோக் கூடைகள் சில ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுடையன என்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது.

இங்கிலாந்தில் தாமஸ் ரவுட்லெட்ஜ் என்பவர் 1850களில் இப்புல்லினின்று காகிதம் செய்யும் வழி கண்டார். அதன்பின் பிரிட்டிஷ் ஆலைகள் இதனை ஏராளமாகக் கொள்முதல் செய்தன. பருவமும் ஓய்வும் பாராமற் பறித்ததன் பலனாகப் பல இடங்களிற் புதர்கள் அழிந்தன. அவற்றின் வேர் பிடித்து வைத்திருந்த மண்ணும் அரிப்புக்கு உள்ளாயிற்று.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்களுக்கு வேலை கொடுத்த புல், சில பத்தாண்டுப் பேராசையால் அருகிப்போயிற்று. நாருக்காகப் பயிரையோ புல்லையோ நம்பி வாழும் அங்கத்தினர்கள், எடையை நோக்குமுன் தூரை நோக்குவார்களாக.

வினாக்கள்

1. வறட்சியில் இலை ஊசி போலாவது ஏன்?
2. இலை கழலும் மூட்டு எங்கே உள்ளது?
3. ஈர மண்ணில் அறுவடை செய்தல் தகாது என்பதன் காரணம் யாது?